எண்ணூறு அடியும் ஸ்டிக்கர் அண்ணனும்

சாப்பாடு கொண்டுவரும் தூக்குப்போசியைத் திறப்பதற்கு முன்னால் அதன் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன் என்று பிடிவாதம் பிடித்த மனிதர், கோயம்புத்தூர் ஜில்லா முழுவதிலும் ஒரே ஒருவர்தான் இருந்தார். மூடியில் ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் அவரே எழுதி ஒட்டுவார். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று ஒருமுறை படிப்பார். அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் ஸ்டிக்கர் அண்ணன்.

சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் பதினோரு பேர். நாங்கள் செய்த வேலையை என் அப்பாவுக்கு எப்படி விளக்கினேனோ அப்படியே உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் எழுதும். அதை ஒழுங்காக எழுத வைப்பதும், வந்து சேர்ந்ததை ஒழுங்காகப் பிரித்துப் படிக்க வைப்பதும் எங்கள் பொறுப்பு. அந்தக் கடிதத்துக்கு எக்ஸ்எம்எல் என்று பெயர். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, அதுக ரெண்டும் போன்ல பேசிக்கப்படாதா?” என்றார்.

அப்பா நல்லவர். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆகாவிட்டால் நான் மூட்டை கட்டிக்கொண்டு வெள்ளகோவில் திரும்பி, அத்தை பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளையையும் குறை சொல்வதற்கில்லை. எங்கே பார்த்தாலும் “சாப்டீங்களா?” என்று கேட்பார். அதைத் தவிர வேறு எதையும் கேட்கமாட்டார். ஐம்பது வருடம் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தாலே எனக்குப் பசி போய்விடும். அதனால் அந்த ஆறு மாதமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

முதல் நாள் நான் உட்காரப் போன நாற்காலியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கால்="ஆடும்". நிமிர்ந்து பார்த்தால் ஆபீஸ் முழுக்கச் சீட்டுகள். டீ பிளாஸ்கில் சர்க்கரை="உண்டு". பாத்ரூம் குழாயில் தண்ணீர்="சிறுவாணி, வந்தால்". மேனேஜர் அறைக் கதவில் மனநிலை="மேகமூட்டம்". இந்தக் கடைசிச் சீட்டு மட்டும் தினமும் காலையில் மாறும். “தெளிவு” என்றிருந்தால் லீவு கேட்கலாம். “இடி” என்றிருந்த நாட்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறோம். ஒருநாள் மேனேஜரே வெளியே வந்து சீட்டைப் படித்துவிட்டு, “நான் இன்னைக்கு நல்லாத்தானுங்க இருக்கறேன்?” என்று கேட்டார்.

“ஏசி நின்னு போச்சுங்க சார். உங்களுக்கு இன்னும் தெரியாதுங்க” என்றார் அண்ணன். பத்து நிமிடத்தில் சீட்டு உண்மையாகிவிட்டது.

எனக்குப் பாடம் நடத்தியவரும் அவர்தான். பாடத்துக்கு வேண்டிய உபகரணம் ஆபீஸ் சர்க்கரை டப்பா.

“இதுக்குள்ள இருக்கறது சக்கரைங்க அம்மணி. அது சாமான். டப்பா மேல ‘அரைக்கிலோ’ன்னு ஒட்டியிருக்குதுல்லீங்க? அது சாமான் இல்லீங்க, சாமானப் பத்தின சேதி. அதுக்குத்தானுங்க அட்ரிப்யூட்டுன்னு பேரு.”

“அவ்வளவு சின்ன விசயமுங்களாண்ணா?”

அவர் முகம் வாடிப்போனது. “டப்பாவத் தொறக்கறதுக்கு முந்தியே கண்ணுல படறது அதுதானுங்க. அதப் படிக்காம உள்ள கைய உட்டா, உப்பா சக்கரையான்னு பொறவு நாக்குதான் சொல்லோணும்.”

எந்த டப்பாவுக்குள் எந்த டப்பா போகலாம், எதன் மேல் எந்தச் சீட்டு கட்டாயம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றெல்லாம் சொல்லும் சட்டப் புத்தகத்துக்கு ஸ்கீமா என்று பெயர். மற்றவர்கள் அதை வேலைக்காகப் படிப்பார்கள். அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிக்கிற மாதிரி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிப்பார். நடுவில் சிரிப்பார். சில பக்கங்களில் “அடடா” என்பார்.

சட்டத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் அவருக்கு ஆகாது. சீட்டில் எழுதுகிற சேதிக்கு மேற்கோள் குறி கட்டாயம் என்பது ஒரு சட்டம். நான் ஒருநாள் அவசரத்தில் ‘வடை உள்ளது’ என்று வெறுமனே எழுதி அவர் மேசையில் டப்பாவை வைத்துவிட்டுப் போனேன். நாலு மணிக்கு வந்து பார்த்தால் வடை வைத்தது வைத்தபடி ஆறிக் கிடக்கிறது.

“பசிக்கலீங்களாண்ணா?”

“பசிச்சுதுங்க அம்மணி. எது பேரு, எது சேதின்னு பிரியலீங்களே.”

ஒரே சீட்டை ஒரு டப்பாவில் இரண்டு தடவை ஒட்டக்கூடாது என்பது இன்னொரு சட்டம். பம்பு கம்பெனிக்காரர் ஒருவர் விசிட்டிங் கார்டு கொடுத்தார். அதில் இரண்டு போன் நம்பர் இருந்தது. அண்ணன் அதை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ரெண்டு இருந்தா அது சீட்டுல வராதுங்க. உள்ள போகவேண்டிய சாமானுங்க அது” என்றார். வந்தவர் ஒரே நம்பர் போட்ட கார்டு இருக்கிறதா என்று தன் உள்பாக்கெட்டில் தேட ஆரம்பித்துவிட்டார். எது சீட்டு, எது சாமான் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் தினமும் ஒரு சண்டை நடக்கும். டீ நேரத்தில் ஆரம்பித்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நீளும். ஆபீசில் வேறு யாரும் அவரோடு சண்டைக்கு நிற்பதில்லை. “செரிங்ணா, செரிங்ணா” என்று தலையாட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். எனக்கு நழுவத் தெரியாது.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அண்ணன் வேறு ஆள். மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று வர ஆரம்பிக்கும். ஜன்னலுக்கு வெளியே மேகம் ஒவ்வொன்றாக வந்து வெள்ளியங்கிரிப் பக்கம் தேங்கி நிற்கும். அண்ணன் அப்படியே பார்த்துக்கொண்டே இருப்பார். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். பிறகு எழுந்து நடக்க ஆரம்பிப்பார். கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சர் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்க வேண்டுமென்றால் அவர் தானே பார்சராக மாறிவிடுவார். ஒவ்வொரு கதவு முன்னாலும் நின்று, ஒட்டியிருப்பதைப் படித்து, திறந்து, உள்ளே போய், அங்கே இருப்பதையெல்லாம் பார்த்து முடித்து, வெளியே வந்து, திறந்த கதவை மூடுவார். நாங்கள் யாரும் குறுக்கே போகமாட்டோம். அந்த நேரத்தில் அந்த நீள வராந்தாவும், காற்றும், மெதுவாக நடந்து போகும் அவருமாகப் பார்க்கும்போது எனக்கே தூக்கமும் சந்தோஷமுமாக ஒரு மயக்கம் வரும்.

ஒருநாள் இந்த நடையில் அவர் எங்கள் ஆபீஸ் எல்லையைத் தாண்டி, அதே மாடியில் இருந்த பல் டாக்டர் கிளினிக்குக்குள் போய்விட்டார். போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார். கன்னத்தில் பஞ்சு. கடைவாய்ப் பல் ஒன்று காணவில்லை.

“எதுக்குங்ணா உள்ள போனீங்க?”

அவர் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “கதவத் தொறந்து உள்ள போயிட்டா, உள்ள இருக்கறத முடிச்சுப்போட்டுத்தானுங்க வெளிய வரோணும்.”

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்த பம்பு கம்பெனி, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. பம்பை எப்படிச் செய்ய வேண்டும் என்று கணக்குப் போடும் யந்திரமும் அவர்களுடையது, ஸ்கீமாவும் அவர்களுடையது. பனி பெய்யும் சின்ன ஊர் ஒன்றில் இருந்துகொண்டு யாரோ ஒருவர் அதை எழுதியிருந்தார். எங்கள் புரோகிராமின் ட்ரையல் முடிந்ததும் இங்கிருந்து ஒருவரை அந்த ஊருக்குப் பத்து நாள் அனுப்புவதாகப் பேச்சு. அது அண்ணன்தான் என்று முடிவாகியும் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கோயம்புத்தூரைத் தாண்டினால் பழனிக்கு மட்டும் போயிருக்கிற மனிதர் அவர்.

“அங்க போயி என்னங்ணா பண்ணுவீங்க?”

“அந்த ஸ்கீமாவ எழுதினவரப் பாக்கோணுங்க. எந்தச் சீட்டு கட்டாயம், எது வேண்டாம்னு அவரு எப்படி முடிவு பண்றாருன்னு கேக்கோணும். ஜன்னலுக்கு வெளிய பனி பேயுமுங்க. நாங்க பேசிட்டே இருப்போம்.” சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

இனி என் கைங்கரியத்துக்கு வருகிறேன். டீலர்கள் போர்வெல் ஆழத்தைப் போட்டு ஆர்டர் அனுப்பும் புரோகிராமை எழுதியது நான். ஆழம் என்ற டப்பாவுக்குள் எண். டப்பா மேல் அளவு="அடி" என்று ஒரு சீட்டு. டீலர் அந்தச் சீட்டையும் பூர்த்தி செய்தால்தான் ஆர்டர் நகரும் என்று வைத்திருந்தேன். டீலர்களுக்குப் பழகக் கொடுத்த முதல் நாளே போன் வந்தது.

“ஏனுங்க, அளவு என்னன்னு கேக்குதுங்க உங்க மிசினு. போரு அடியிலதானுங்க போடுவாங்க, மொழத்துலயா போடுவாங்க?”

பொள்ளாச்சியிலிருந்து ஒரு போன், காங்கயத்திலிருந்து ஒரு போன், எல்லாம் இதே சிரிப்பு. நியாயம்தானே? எங்கள் வெள்ளகோவில் பக்கம் பிறந்த குழந்தைக்குக்கூட, “எண்ணூறு ஓட்டினோம், தண்ணி இல்ல” என்றால் எண்ணூறு என்னவென்று தெரியும். அடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். நான் அந்தச் சீட்டையே எடுத்துவிட்டேன். ஸ்கீமாவில் போட்டுச் சரிபார்த்தேன். பச்சை டிக் விழுந்தது. மேனேஜர், “பரவால்லீங்களே, டீலருக எல்லாம் சந்தோசமா இருக்கறாங்க” என்றார். என் நிரந்தர உத்தரவு அவர் மேசை டிராயரில் கையெழுத்துக்குக் காத்திருந்த வாரம் அது.

அண்ணன் மட்டும் என் மேசைக்கு வந்து நின்றார்.

“அம்மணி, அளவுச் சீட்ட எடுத்துப்போட்டீங்களா?”

“பச்ச டிக் வந்துருச்சுங்ணா. அவங்க ஸ்கீமாவுல அது கட்டாயமில்லீங்களே.”

“கட்டாயமில்லீங்க. ஆனா சீட்டு இல்லீனா அந்தப் பக்கத்து மிசினு சும்மா இருக்கும்னு நெனக்காதீங்க. அதுவே ஒண்ணு ஒட்டிக்குமுங்க. சீட்டு இல்லாம வந்தா இப்படி வெச்சுக்கன்னு அந்த ஸ்கீமாவுலயே எழுதியிருக்குதுங்க. போயிப் படிங்க.”

“திங்கக்கெழமை பாக்கறனுங்ணா.”

திங்கட்கிழமை நான் பார்க்கவில்லை. மறந்தே போனேன். அண்ணனும் அந்த வாரம் முழுக்க ஜன்னல் பக்கம் பனி பெய்யும் ஊரில் இருந்தார். அதற்குள் ட்ரையலுக்கென்று ஒரே ஓர் ஆர்டர் போய்ச் சேர்ந்தது. கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்புக்காரர். மோட்டார் எரிந்துபோய், புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகள் சித்திரை வெயிலில் தலை தொங்கி நின்றன. ஆழம் எண்ணூறு. அந்தப் பக்க யந்திரம் டப்பாவைப் பார்த்தது. மேலே சீட்டு இல்லை. சட்டப்படி தானே ஒன்றை ஒட்டிக்கொண்டது: அளவு="மீட்டர்".

எண்ணூறு மீட்டர் என்றால் இரண்டாயிரத்து அறுநூறு அடிக்கு மேல். அத்தனை ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்க எப்படிப்பட்ட பம்பு வேண்டுமோ, அப்படிப்பட்ட பம்பை யந்திரம் வரைந்து கொடுத்தது. பாக்டரியில் யாரும் கேள்வி கேட்கவில்லை. கம்ப்யூட்டரே சொல்லிவிட்ட பிறகு கேட்க என்ன இருக்கிறது என்று பெருமையோடு செய்து முடித்து, லாரியில் ஏற்றி, வால் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பாகத்துக்குச் சிவப்புத் துணி கட்டி அனுப்பிவைத்தார்கள்.

தோப்புக்காரரிடமிருந்து போன் வந்ததும் மேனேஜர், அண்ணன், நான் மூன்று பேரும் காரில் கிணத்துக்கடவு போனோம். தோப்பு வாசலில் ஊரே நின்றிருந்தது. டீக்கடையைப் பூட்டிவிட்டு டீக்கடைக்காரரும் வந்திருந்தார். கயிற்றுக் கட்டில்கள் நாலைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பம்பைப் படுக்க வைத்திருந்தார்கள். அப்படியும் தலையும் காலும் வெளியே நின்றன. தோப்புக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆத்திரத்தில் தோள்துண்டை உதறி உதறிப் போட்டார், ஆனாலும் மரியாதை குறையவில்லை.

“நான் பம்பு கேட்டனுங்க. நீங்க கொடிக்கம்பத்த அனுப்பியிருக்கறீங்க. எங்கூட்டுல அஞ்சு நாளா கொடத்துல தூக்கி ஊத்தறாங்க. பாருங்க, வந்து பாருங்க.”

தென்னம்பிள்ளைகளின் அடியில் ஈரம் ஒரு கையகலம்தான் இருந்தது. அவர் மனைவி குடத்தோடு எங்களைத் தாண்டிப் போனார். எங்களைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து, எண்ணூறு மீட்டர் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, பேனாவால் எழுதி, பம்பின் நடுவில் ஒட்டினார். தோப்புக்காரர் குனிந்து படித்தார். தப்பு="எங்களுது".

அவர் சீட்டின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார். பிறகு, “டீ குடிக்கறீங்களா?” என்றார்.

அண்ணன் அங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, அடி என்ற சீட்டோடு ஆர்டரை மறுபடி அனுப்பினார். பம்பு கம்பெனி அன்றே ஒரு தண்ணீர் லாரியை அனுப்பிவைத்தது. இரண்டாம் நாள் சரியான பம்பு வந்தது. இறக்கும்போது நாங்கள் இருந்தோம். முதலில் குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கியது. பிறகு தெளிந்து, வாய்க்காலில் விழுந்து, தென்னைகளுக்கு நடுவே வெயிலும் நிழலுமாக ஓடியது. அண்ணன் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி அந்தத் தண்ணீரோடு கூடவே நடந்தார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. தோப்பின் கடைசி மரம் வரைக்கும் போய்விட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார்.

மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு வரிக் கேள்வி வந்தது. சீட்டை எடுத்தது யார்?

எங்கள் புரோகிராமின் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் எழுதியவர் என்று ஒரு சீட்டு இருக்கும். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, பெரிய திரையில் அந்தப் பகுதியைத் திறந்தார். நானே சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். வெள்ளகோவில் பஸ், மாப்பிள்ளை, “சாப்டீங்களா?” எல்லாம் கண்ணில் தெரிந்தன. இருந்தாலும் வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை. சத்தம் வரவில்லை என்பதும் உண்மை.

திரையில் என் பெயர் இல்லை. எழுதியவர் என்ற இடத்தில் யாரோ ஓர் ஆளின் பெயர் இருந்தது. யார் இவர் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் அண்ணன் பக்கம் திரும்பினார். “நீங்களாங்க?” என்றார். அண்ணனின் உண்மையான பெயரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“சீட்டு பொய் சொல்லுமுங்களா சார்?” என்றார் அண்ணன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினான்கு வருடம் வேலை பார்த்தவர் என்பதால் மேனேஜர் திட்டவில்லை. வேறொரு வேலை செய்தார். “அந்த ஊருக்கு நீங்க இப்ப போகவேண்டாமுங்க. அம்மணி போகட்டும். வேல சுத்தமா செய்யறாங்க” என்றார். அன்று மாலையே என் உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கிய கை எனக்குச் சொந்தமானதாகத் தோன்றவில்லை.

மாடிப்படியில் அண்ணனை மறித்துக்கொண்டேன். அழுகையும் கோபமுமாக வந்தது.

“ஏனுங்ணா எம்பேர மாத்துனீங்க? உங்க வாழ்க்கையில ஒரு பொய்ச் சீட்டு ஒட்டியிருப்பீங்களா? நான் இப்பவே போயிச் சொல்றேன்.”

“சொன்னீங்கன்னா நாளைக்கி வெள்ளகோவில் பஸ் ஏறோணுங்க.”

“ஏறுனா ஏறிட்டுப் போறேன். உங்களுக்கு என்னங்ணா?”

அவர் கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழைய சீட்டின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: “நீங்க ஊருக்குப் போயிட்டா எங்கூடச் சண்ட போடறதுக்கு யாருங்க அம்மணி இருக்கறாங்க?”

நான் மேனேஜரிடம் போகவில்லை. ஊருக்குப் போய்க் கழுத்தை நீட்ட எனக்குத் தைரியமில்லை என்பதுதான் காரணம். அதற்கு வேறு அழகான பெயர் வைக்க எனக்கு மனமில்லை. இப்போது நான் அந்த ஆபீசில் இல்லை, மேனேஜர் இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிப்பவர். சார், அந்தச் சீட்டை எடுத்தது நான்தான்.

புறப்படும் அன்று அண்ணன் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஸ்கீமாவை எழுதியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த ஊரில் அவரைப் பார்த்தேன். கம்பளிக் குல்லாய் போட்ட, கூச்ச சுபாவமுள்ள மனிதர். சீட்டு இல்லாமல் வந்தால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளும்படி ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் கேள்வி புரியாதவர் போலக் கொஞ்சம் விழித்தார். பிறகு சொன்னார்: “எங்கள் பக்கம் ஆழத்தை எல்லோரும் மீட்டரில்தானே சொல்வோம். வேறு என்ன இருக்க முடியும் என்று நினைத்துவிட்டேன்.”

திரும்பி வந்து அண்ணனிடம் இதைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் மேனேஜர் அறைக் கதவு திறந்தது. “அங்கயும் ஒரு வெள்ளகோவில் இருக்குதுங்களா அம்மணி!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பறமுங்க? பனி பேஞ்சுதுங்களா?” என்றார்.

சொன்னேன். பனி பெய்தது, சத்தமே இல்லாமல் பெய்தது. மறுநாள் டீ நேரத்தில் மறுபடி கேட்டார். வீடுகளின் கூரை எந்த நிறம், ரொட்டிக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும், அந்தக் குல்லாய்க்காரர் வீட்டில் நாய் உண்டா. நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊரில் நடந்துகொண்டிருப்பார். ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பத்து நாளில் ஓர் ஊரை எவ்வளவுதான் பார்த்துவிட முடியும்? அதற்கு மேல் நானே சேர்க்க ஆரம்பித்தேன். ஒரு மணிக்கூண்டு, ஒரு பொம்மைக்கடை, பனியில் வழி தவறி வந்து எங்கள் ஜன்னலைத் தட்டிய ஒரு மான். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு மேற்கோள் குறி குறைந்தால் வடையைத் தொடாத மனிதர். ஒருநாளும் அவர் குறுக்கே கேட்டதில்லை.

இப்போது அண்ணன் ஆனைமலையில் தங்கை வீட்டோடு இருக்கிறார். நான் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தால் அவர்தான். முதல் அரைமணி நேரம் சண்டை, எது சாமான், எது சீட்டு என்று. பிறகு குரல் மெல்ல இறங்கும். “அப்பறமுங்க அம்மணி, அந்த ஊருல?” எனக்குக் கிடைத்த பத்து நாளும் அவருடையது. அதனால் அவர் கேட்கிற வரைக்கும் நான் அந்த ஊரைக் கட்டிக்கொண்டே இருப்பேன். போன வாரம் நடு ஊரில் ஓர் ஆற்றை ஓட விட்டுவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதன் மேல் ஒரு பாலம் கட்டியாக வேண்டும். அண்ணன் அந்தப் பக்கம் நடந்து போகணுமே.